ஒரே பீரோ, ஒரு வண்டித் துணி!

கேள்வி: எங்கள் படுக்கையறை 10-க்கு 10 அடி. இருப்பது ஒரே பீரோ. திறந்தாலே புடவைகள் சரிகின்றன. டாப்ஸ் கிடைத்தால் துப்பட்டா கிடைப்பதில்லை. கம்மல், வளையலெல்லாம் ஜன்னல் திண்டில்தான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டுங்கள். போன தீபாவளியிலிருந்து தொடாத துணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பட்டுப்புடவைக்கு மட்டும் விலக்கு!

சுடிதார் செட்டை ஒன்றாக மடித்து, துப்பட்டாவால் சுற்றிவிடுங்கள். அடுக்காமல், புத்தகம்போல நிற்கவைத்தால் ஒன்றை உருவும்போது மற்றது சரியாது.

பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மேல்தட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடித்த இடத்தில் இற்றுப்போகாது. அந்துருண்டை புடவையில் படக்கூடாது. துணியில் முடிந்து ஓரமாகப் போடுங்கள்.

கவரிங் நகைகளை ஜோடி ஜோடியாகச் சின்ன ஜிப் கவரில் போட்டு, பழைய ஸ்வீட் டப்பாவில் அடுக்குங்கள். கூடவே ஒரு சாக்பீஸ் துண்டு, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கைப்பை, பெல்ட்டுக்குக் கதவின் பின்புறம் நான்கு கொக்கி போதும். ஸ்வெட்டர், கம்பளியெல்லாம் சூட்கேஸுக்குள், சூட்கேஸ் கட்டிலுக்கடியில்.

கடைசியாக ஒன்று: புதுத்துணி ஒன்று உள்ளே வந்தால், பழையது ஒன்று வெளியே போகவேண்டும்!