காயலில் மின்படகுகள்

கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களைத் தழுவிக் கிடக்கும் வேம்பநாட்டுக் காயல், 2002-ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. கரையோர மக்களுக்குப் படகே அன்றாட ஊர்தி. சுற்றுலாப் பயணிகளுக்கோ கெட்டுவள்ளத்தில் மிதந்து செல்வது பெரும் களிப்பு. இவ்விரண்டும் நெடுங்காலம் டீசலையே நம்பியிருந்தன. இயந்திரத்திலிருந்து கசியும் எண்ணெய் நீரின் மேல் படலமாகப் படர்கிறது. அந்நீரிலேயே குளித்து, துணி துவைத்து, மீன் பிடித்து வாழ்பவர்கள் குட்டநாட்டு மக்கள். பயணிகளின் களிப்புக்கு அவர்கள் விலை கொடுப்பது முறையாகாது.

இந்நிலையில், 1924-ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தால் தமிழர் நன்கறிந்த வைக்கத்தில், 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்னும் சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை இதனை வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே இயக்குகிறது. 75 பேர் அமரலாம். கூரையிலுள்ள தகடுகளின் திறன் 20 கிலோவாட். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும் என்று கொண்டால், சுமார் 80 யூனிட் கிடைக்கும். மழைக்காலக் குறையைக் கரையிலுள்ள மின் இணைப்பு ஈடுசெய்கிறது.

இவ்வளவு சிறு ஆற்றல் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் வேகமே. படகின் வேகம் இரு மடங்கானால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. மெதுவாகவும் குறுகிய தொலைவிலும் குறித்த வழியிலும் செல்லும் படகுக்கே மின்சாரம் பொருந்தும். ஆதித்யாவின் ஒடுங்கிய இரட்டை உடலமைப்பும் நீரின் தடையைக் குறைக்கிறது. மெதுவாகச் சென்றால் அலை எழுந்து கரையை அரிப்பதும் குறையும்.

2023 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற கொச்சி நீர் மெட்ரோவில் வேறொரு முறை கையாளப்படுகிறது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான, 100 பேர் செல்லும் அப்படகுகளின் மின்கலங்கள் துறைகளில் நிற்கும் சிறு பொழுதிலேயே மின்னேற்றம் பெறுகின்றன. அவசரத் தேவைக்கு டீசல் மின்னாக்கியும் உண்டு.

கெட்டுவள்ளங்களின் நிலை வேறு. அவை பகலில் சில மணி நேரமே நகர்கின்றன. இரவில் கரையோரம் கட்டப்பட்டிருக்கின்றன. ஆயினும் குளிர்சாதனத்திற்காக மின்னாக்கி இரவெல்லாம் இரைகிறது. அமைதியை நாடி வந்தவர் அந்த இரைச்சலில் உறங்குவது வேடிக்கைதான்! ஆகவே, இயந்திரங்களை மாற்றுமுன், படகுகள் கட்டப்படும் துறைகளில் மின் இணைப்பு அளிப்பதே முதற்பணியாகும். இதற்குச் செலவும் குறைவு. மின்கலத்தின் பெருவிலையை அரசுத் துறை பல ஆண்டு டீசல் சேமிப்பில் ஈடுகட்டிக் கொள்ளலாம்; கடன் வாங்கிப் படகு வாங்கிய சிறு உரிமையாளருக்கு அது எளிதன்று. அவருக்கு நீண்டகாலக் கடன் தேவைப்படும்.

அனல் நிலையத்து மின்சாரத்தால் மின்னேற்றினால், புகை இடம் மாறுகிறதேயன்றி மறைவதில்லை. எனினும் காயல் நீரில் எண்ணெய் கலப்பது நின்றுவிடும். ஓய்ந்துபோன மின்கலங்கள் காயலில் சேர்ந்துவிடாமல் காப்பதும் வேண்டும். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.