அடைத்த குழாயும் கரைக்கும் மருந்தும்

கேள்வி: வாப்பாவுக்குக் கழுத்தில் குழாய் வைத்து டயலிசிஸ் நடக்கிறது. போன முறை குழாய் அடைத்துவிட்டது. மருந்து விட்டுக் கரைத்துப் பார்ப்போம் என்கிறார் டொக்டர். மூளையில் இரத்தம் கசிந்துவிடாதா?
– வாசகி, கிண்ணியா

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அளவைப் பாருங்கள். மாரடைப்புக்கு, கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் என்ற மருந்தை 100 மில்லிகிராம் வரை நாளத்தில் ஏற்றுவார்கள். அடைத்த குழாய்க்கு, அதன் உள்வழி ஒன்றுக்கு 2 மில்லிகிராம்தான். அதையும் உடம்புக்குள் தள்ளாமல் குழாயிலேயே நிரப்பி மூடி வைப்பார்கள். அரை மணி கழித்து இழுத்துப் பார்ப்பார்கள்; இரத்தம் வராவிட்டால் இரண்டு மணி நேரம் வரை பொறுப்பார்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை.

கிண்ணியாவில் வலை தெரியாதவர் யார்? இரத்தக்கட்டியும் ஒரு வலைதான். ஃபைப்ரின் என்ற நார் பின்னிய வலைக்குள் இரத்த அணுக்கள் சிக்கிக் கிடக்கின்றன. அல்டிபிளேஸ், இரத்தத்தில் உறங்கும் பிளாஸ்மினோஜனைத் தட்டியெழுப்பிப் பிளாஸ்மினாக்கும். அது நாரை அறுக்கும். டயலிசிஸ் முடிந்ததும் குழாயில் விடும் ஹெபாரின் வேறு: புதுவலை பின்னாமல் தடுக்குமே தவிர, பின்னியதை அறுக்காது.

கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான, மலிவான ஸ்ட்ரெப்டோகைனேஸ் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒவ்வாமை ஆபத்தால், குழாய் அடைப்புக்கு அது வேண்டாமென 1999இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் எச்சரித்தது.

எல்லா அடைப்பும் கட்டியால் வருவதல்ல. குழாய் மடங்கியிருக்கலாம், நுனி நகர்ந்திருக்கலாம். முதலில் அதைப் பார்ப்பார்கள். வாப்பாவுக்கு அண்மையில் சத்திரசிகிச்சையோ பக்கவாதமோ இரத்தக்கசிவோ ஏற்பட்டிருந்தால் மருந்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அடுத்த டயலிசிஸ் நாள்வரை காத்திராமல் உடனே கொண்டுபோங்கள். அது கிருமித்தொற்றாக இருக்கலாம். கழுத்துக் குழாய்க்குப் பதிலாகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் ஃபிஸ்டுலா செய்ய வாய்ப்புண்டா என்றும் டொக்டரிடம் கேளுங்கள்.