வினாவும் விடையும் – ஒரு மருத்துவமனை தந்த பாடம்

நன்னூற் பொதுவியலிற் பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருத்தலை நம் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் யாவரும் அறிவர். அவ்வெட்டனுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் கேட்டார்க்கு நேரே பொருள் தருவன. ஏனைய ஐந்தும் குறிப்பாற் பொருள் பயப்பன. 'இது செய்வாயோ?' என்றார்க்கு 'உடம்பு நொந்தது' என்பது உற்றது உரைத்தல். 'உடம்பு நோவும்' என்பது உறுவது கூறல். இவற்றை மனப்பாடஞ் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோதலே நம்மிற் பலர்க்கு வழக்கம். யானும் அவருள் ஒருவனே. கொடுநோய் புகுந்த மருத்துவமனையின் வாயிலில் ஊரே திரண்டு நின்று வினவுங்கால் இவ்விலக்கணம் எத்துணைக் கூர்மையுடையதாகின்றது என்பதை, 2014ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில் நிகழ்ந்தவற்றைப் படித்தபோதே உணர்ந்தேன்.

எபோலா என்னும் நோய் காற்றிற் பரவுவதன்று. நோயுற்றாரது குருதி, வாந்தி முதலியவற்றைத் தீண்டுவதாற் பற்றுவது. நோய்க்குறி தோன்றாமுன் பிறரைத் தொற்றாது. தொற்றிய 2 முதல் 21 நாட்களுக்குள் குறி காட்டுவது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, லைபீரியா, சியரா லியோன் என்னும் மூன்று நாடுகளையும் 2014 முதல் 2016 வரை வாட்டிய அந்நோயால் 28,600க்கு மேற்பட்டோர் துன்புற்றனர். 11,300க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

லைபீரியாவினின்று புறப்பட்ட தாமஸ் எரிக் டங்கன் என்பார் 2014 செப்டம்பர் 20ஆம் நாள் டல்லஸ் வந்து சேர்ந்தார். 25ஆம் நாள் இரவு சுரமும் வயிற்றுவலியுமாக டெக்ஸஸ் ஹெல்த் பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனையின் அவசரப் பிரிவை அடைந்தார். ஆப்பிரிக்காவினின்று வந்தவர் என்பதைச் செவிலியர் கேட்டறிந்து கணினி ஏட்டிற் குறித்தும் வைத்தார். ஆயினும் மறுநாள் விடியுமுன் சில மாத்திரைகளுடன் அவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். 28ஆம் நாள் ஆம்புலன்சில் மீண்டும் கொணரப்பட்டார். 30ஆம் நாள் நோய் இன்னதென்று உறுதியாயிற்று. அமெரிக்க மண்ணிற் கண்டறியப்பட்ட முதல் எபோலா நோயாளர் அவரே. அக்டோபர் 8ஆம் நாள் உயிர் நீத்தார்.

'முதல் நாளே ஏன் திருப்பி அனுப்பினீர்?' ஊரார் கேட்ட வினா இவ்வொன்றே. நன்னூலார் வகுப்பின்படி இஃது அறியா வினா. அறியாதார் அறிய வேண்டிக் கேட்பது. இவ்வொரு வினாவிற்கு மருத்துவமனை மூன்று நாளில் மூன்று விடை தந்தது. அக்டோபர் 1ஆம் நாள், பயணச் செய்தி மருத்துவக் குழுவினர் அனைவர்க்கும் முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை என்றது. 2ஆம் நாள், செவிலியர் எழுதிய குறிப்பு மருத்துவர் காணும் பக்கத்தில் தோன்றாதவாறு கணினி ஏடு அமைந்திருந்தது என்றது. 3ஆம் நாள், அவ்வாறன்று, ஏட்டிற் குறையில்லை, குறிப்பு மருத்துவர்க்கும் காணக் கிடைத்தது என்று முன் சொன்னதையே மறுத்தது. குற்றவாளி முதலில் ஒருவருமில்லை. அடுத்த நாள் பொறி. அதற்கடுத்த நாள் பொறியும் விடுதலை பெற்றது! மருத்துவமனை 100.1 பாகை என்று கூறியிருந்த முதல் இரவின் சுரம், உறவினர் செய்தியாளர்க்குக் காட்டிய ஏடுகளில் 103 பாகை வரை ஏறியதாகப் பின்னர் வெளிப்பட்டது.

இவற்றைச் சொன்னவர் பொய்யுரைக்கக் கருதினர் என்று யான் கூறத் துணியேன். இரவும் பகலும் செய்தியாளர் கதவைத் தட்ட, தாமே இன்னும் ஆராய்ந்து முடியாத ஒன்றிற்கு விடை கூறப் புகுந்ததே அவர் பிழை. 'இதனை யாம் இன்னும் அறிந்திலேம். அறிந்தவுடன் உரைப்போம்' என்பதும் ஒரு விடையே. அஃது எட்டனுள் எதன்பாற்படும் என்று ஆசிரியரைக் கேட்டேன். அவர் நகைத்து, "உறுவது கூறலில் அடக்கலாமோ, நீயே ஆராய்ந்து எழுது" என்றார். யாதாயினும், அவ்விடையை அக்டோபர் 1ஆம் நாளே கூறியிருப்பின், 3ஆம் நாள் நாணவேண்டியிருந்திராது.

இனி, பிழைபட்ட விடையாற் புண்பட்டவர் யாவர்? டங்கனைப் பேணிய செவிலியர் இருவர்க்கு நோய் தொற்றிற்று. முதல்வரது நோய் அக்டோபர் 12ஆம் நாள் உறுதியானபோது, காப்புநெறி எங்கோ மீறப்பட்டது என்றார் நாட்டின் நோய்த்தடுப்பு மையத் தலைவர் டாக்டர் டாம் ஃப்ரீடன். மீறியவர் அச்செவிலியரே என்று உலகம் பொருள் கொண்டது. நெறியைச் செம்மையாகக் கற்பித்தாரோ என்று கேட்பாரில்லை. செவிலியர் சங்கத்தார் வெகுண்டெழுந்தனர். மறுநாளே ஃப்ரீடன் வருத்தந் தெரிவித்தார். 15ஆம் நாள் இரண்டாமவரது நோய் தெரியவந்தது. இவர் 13ஆம் நாள் விமானமேறுமுன் தமக்குச் சிறிது வெப்பமிருப்பதை அம்மையத்திற்கு அறிவித்தே ஏறியவர். ஏறற்க என்று அவரைத் தடுத்தாரில்லை. ஈண்டுக் குற்றம் வினவியவர் மேலதன்று, விடை தந்தார் மேலது. இருவரும் பிழைத்தெழுந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் முதற்செவிலியர் நோய்ப்படுக்கையிலிருந்த நிலையிற் பதிவுசெய்யப்பட்ட காட்சிப்படம் உலகெங்கும் உலவியது. தம் ஒப்புதலின்றி அது வெளியிடப்பட்டதென்று அவர் 2015இல் வழக்குத் தொடுத்தார். ஒப்புதல் பெற்றோம் என்றது மருத்துவமனை. 2016இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

அதே ஆண்டில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழக மருத்துவமனை நடந்துகொண்ட முறையையும் நோக்குதல் தகும். லைபீரியாவில் தொண்டு செய்து நோயுற்ற அமெரிக்கர் இருவரை ஆகஸ்டுத் தொடக்கத்தில் அங்குக் கொணர்ந்தபோது, 'இந்நோயை நம் நாட்டினுள் ஏன் புகுத்துகின்றீர்?' என்று வெகுண்டாரும் பலர். நோயாளர் வந்திறங்குமுன்னரே டாக்டர் புரூஸ் ரிப்னர் செய்தியாளர் முன் தோன்றி, யாது செய்வோம், எவ்வாறு காப்போம் என்று விளக்கினார். தலைமைச் செவிலியர் பத்திரிகையில் தம் பெயரிட்டு, அவரை ஏன் ஏற்றோம் என்று எழுதினார். செப்டம்பரில் வந்த மூன்றாம் நோயாளர் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. ஆறு வாரம் அங்கிருந்து நலம் பெற்று வெளியேறும்வரை மருத்துவமனை அப்பெயரைக் கூறவில்லை; டிசம்பரில் அவரே தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். சொல்லத்தக்கதை முன்கூட்டிச் சொல்லியவர், சொல்லத்தகாததைச் சொல்லாமலும் நின்றனர்.

ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் நடுவுநிலைமையன்று. எமரியில் இத்தகைய நோய்க்கென்றே 2002 முதல் தனிப்பிரிவு இருந்தது. நோயாளர் வருவதும் முன்னரே தெரியும். டல்லஸிலோ ஒரு நள்ளிரவில் அவசரப் பிரிவின் கூட்டத்தினிடையே ஒரு மனிதர் நடந்து வந்தார். உள்ளே ஒருவர்க்கொருவர் சொல்லவேண்டிய சொல் தவறியதனாலேயே வெளியே சொன்ன சொற்களும் தடுமாறின. மருத்துவமனை தானே நியமித்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2015 செப்டம்பரில் வெளிவந்தது. பயணச் செய்தி ஏட்டில் ஏறியதேயன்றி மருத்துவர்க்கு வாயாற் சொல்லப்படவில்லை என்பதை அவ்வறிக்கை சுட்டியது. அறை ஒன்றினுள் நின்றவர் இருவர். நடுவில் ஒரு கணினி!

டல்லஸ் மருத்துவமனையின் நேரான விடை 2014 அக்டோபர் 19ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நகர நாளிதழில் முழுப்பக்க மடலாகத் தலைமை அலுவலர் கையொப்பத்துடன், நோயைக் கண்டறியத் தவறினோம், பிழை செய்தோம், வருந்துகின்றோம் என்னும் பொருள்பட அச்சாயிற்று. மறுநாள், டங்கனோடு பழகியமையாற் கண்காணிக்கப்பட்டு வந்த 48 பேருள் 43 பேர் நோயின்றி விடுவிக்கப்பட்டனர்.

என் நன்னூற் படியின் ஓரத்தில் இவ்விடைகளை நாள்வாரியாகக் குறித்து வைத்துள்ளேன். 'தவறினீரோ?' என்றார்க்குத் 'தவறினோம்' என்பது நேர் விடை. ஆகவே 19ஆம் நாளதை வகைப்படுத்துதல் எளிதாயிற்று. 2ஆம் நாளதற்கு எதிரே உள்ள இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.