பெயர் ஒட்டியவரே பொறுப்பாளி
(சரக்குப் பொறுப்புக் காப்புறுதி பற்றி வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)

வியாபாரத்தில் நமக்கு நேரக்கூடிய நஷ்டம் இரு வகைப்படும். சரக்கு நம் கையில் இருக்கும்போது நேர்வது ஒன்று. அது நம் கையை விட்டுப் போன பிறகு நேர்வது மற்றொன்று. முன்னதற்கு நாம் அஞ்சுகிறோம். இரும்புக் கதவு போடுகிறோம். தீக் காப்புறுதியும் எடுத்து வைக்கிறோம். பின்னதைப் பற்றிச் சிந்திப்போர் நம்மில் மிகச் சிலரே. விற்றது விற்றதுதான், பணம் வாங்கிய அக்கணமே அதற்கும் நமக்கும் உறவு அறுந்தது என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பிழை என்பதையும், அதற்குரிய பரிகாரம் யாது என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஜார்ஜ் டவுனில் நம்மவர் செய்யும் சரக்குகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவர் அத்தர் கலக்கிறார். ஒருவர் மூலிகைத் தைலம் காய்ச்சுகிறார். ஒருவர் நாசி கண்டார் மசாலாவைப் பொடித்துப் பொட்டலம் கட்டுகிறார். மற்றொருவர் சுர்மா அரைத்துச் சிறு குப்பியில் அடைக்கிறார். இவை பெரிய தொழிற்சாலைச் சரக்குகள் அல்ல. பாட்டனார் காலத்துக் கைப்பாகம். பிஸ்கோத்துக்கும் சோப்புக்கும் இன்ன விகிதம் என்று காப்புறுதிக் கம்பெனிக்குத் தெரியும். சுர்மா என்றாலோ ஏஜெண்டு விழிப்பார். ஆகவேதான் இத்தகைய சரக்குக்குக் காப்புறுதி தேடுவோர் கூடுதலாகச் சில விஷயங்களை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 1928-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு மாது தம் தோழியுடன் காப்பிக் கடைக்குச் சென்றார். தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீர் பானத்தை அருந்தினார். போத்தல் கருநிறமானது, உள்ளே இருப்பது தெரியாது. மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி, பானம் செய்தவர்மீது வழக்குத் தொடர்ந்தார். காசு கொடுத்தவர் தோழி, விற்றவர் கடைக்காரர், செய்தவருக்கும் அருந்தியவருக்கும் எவ்வித ஒப்பந்தமும் இல்லை. ஆயினும், பொருளைச் செய்பவர் அதைக் கடைசியில் உபயோகிப்பவருக்கும் கடமைப்பட்டவரே என்று 1932-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ அவரே சட்டத்தின்முன் நமக்கு அண்டை வீட்டார் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த நம் நாட்டுச் சட்டத்துக்கும் அஃது அஸ்திவாரமாயிற்று.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் மற்றொன்றுண்டு. போத்தலில் நத்தை இருந்ததா, இல்லையா என்பது கடைசிவரை ருசுவாகவேயில்லை. பானம் செய்தவர் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் காலமானார். வழக்கு பின்னர் சமாதானத்தில் முடிந்தது. குற்றம் ருசுவாகாமலே ஒரு சிறு தொழிலதிபர் 1929 முதல் வழக்காட நேர்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி குறையுள்ள சரக்கைப் பற்றியது. அச்சட்டத்தின்கீழ், செய்தவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று வாங்கியவர் ருசுப்படுத்தத் தேவையில்லை. சரக்கில் குறை இருந்தது, அதனால் தமக்குத் தீங்கு நேர்ந்தது என்று காட்டினால் போதும். பொதுவாக மக்கள் எதிர்பார்க்கும் பத்திரத் தன்மை இல்லையானால் அதுவே குறை. சரக்கு எப்படி விளம்பரம் செய்யப்பட்டது, அதனுடன் என்ன எச்சரிக்கை தரப்பட்டது என்பதும் பார்க்கப்படும்.

பொறுப்பாளி யார்? சட்டம் மூவரைச் சுட்டுகிறது. சரக்கைச் செய்தவர் ஒருவர். அதன்மீது தம் பெயரையோ மார்க்கையோ இட்டு, தாமே செய்தவர்போல் காட்டிக்கொண்டவர் ஒருவர். விற்பதற்காக அதை மலேசியாவுக்குள் இறக்குமதி செய்தவர் ஒருவர். உதாரணமாக, தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் தைலத்தை டின்னில் தருவித்து, இங்கே குப்பியில் ஊற்றி, தம் கடைப் பெயரை ஒட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சியவர் கடல் கடந்து இருக்கிறார். குழந்தையின் தோல் வெந்துவிட்டது என்று தாயார் வந்து நின்றால், “நான் செய்யவில்லையே” என்று இவர் சொல்ல முடியாது. இறக்குமதியாலும் பொறுப்பாளி, பெயராலும் பொறுப்பாளி. பெயர் ஒட்டாமல் சில்லறையாக விற்பவரும், இன்னாரிடம் வாங்கினேன் என்று கேட்டபோது சொல்ல முடியாமற் போனால், பொறுப்பில் மாட்டிக்கொள்வார். ஆகவே கொள்முதல் பில்லைக் கிழித்தெறிவது ஆபத்து. “எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று லேபிளில் அச்சடித்துவிட்டால் தப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். இப்பொறுப்பை அறிவிப்பால் நீக்கிக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சங்கதி என்று நினைப்போருக்கு ஒரு துயரச் சம்பவத்தை நினைவூட்டுகிறோம். 1988-இல் பேராக் மாநிலத்தில் ஒருவகைச் சீன நூடுல்ஸ் உண்ட 13 குழந்தைகள் இறந்தனர். பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற விஷமே காரணமென ஆராய்ச்சியில் தெரிந்தது. பூஞ்சணம் நம் கிடங்கிலும் உண்டு. ஈரம் பட்ட மிளகாயிலும் நிலக்கடலையிலும் அதே விஷம் பிடிக்கலாம். சுர்மாவிலோ வேறொரு ஆபத்து. பழைய முறையில் அதற்கு அரைக்கும் கல் பல சமயம் ஈயக் கல்லாக இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பாட்டனார் அறியாததை இன்று நாம் அறிவோம். அறிந்த பின்னும் சோதிக்காமல் விற்பது வியாபாரமாகாது.

வாங்குவோரின் உரிமையை இந்நாட்டில் உரத்துப் பேசியது நம் பினாங்கே. 1969-இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோன்றிற்று. 1970 முதல் 2019-இல் காலமாகும்வரை அதன் தலைவராக இருந்தவர் எஸ். எம். முகமது இட்ரிஸ் அவர்கள். அவர் தமிழகத்தில் பிறந்து இங்கே தொழில் நடத்திய தமிழ் முஸ்லிம் வியாபாரியே ஆவார். வாங்குபவரின் நலமும் விற்பவரின் நலமும் பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ?

இனிப் பரிகாரம். சரக்குப் பொறுப்புக் காப்புறுதி என்பது, நாம் விற்ற சரக்கால் பிறர் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்து நாம் ஈடு கொடுக்க நேரிட்டால், பாலிசியில் கண்ட வரம்புவரை கம்பெனி கொடுப்பதாகும். கடைக்குள் வழுக்கி விழுந்தவருக்கு ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேறு, இது வேறு. அதை எடுப்பதற்கான வழிமுறை வருமாறு:

1. சரக்கை எழுத்தில் வையுங்கள். என்னென்ன சேருகிறது, யாரிடம் வாங்குவது, எப்படிக் காய்ச்சுவது அல்லது அரைப்பது, எந்தத் தேதியில் எத்தனை குப்பி அடைத்தது என்று குறித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். தொழில் ரகசியத்தின் முழுப் பக்குவமும் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் சேர்மானத்தை மறைக்கலாகாது.

2. அரசாங்க அனுமதியை முதலில் முடியுங்கள். பாரம்பரிய மருந்துக்குப் பதிவு வேண்டும்; அழகு சாதனத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும்; உணவுச் சரக்குக்கு 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன் விதிகளும் உண்டு. இவை இல்லாத சரக்கை ஏற்கக் கம்பெனிகள் தயங்கும். சோதனைச்சாலை அறிக்கையும் சேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

3. ஒரு கம்பெனி மறுத்தால் மனம் தளராதீர்கள். ஏஜெண்டு தம் கம்பெனிச் சரக்கை மட்டுமே விற்பார். புரோக்கரோ நமக்காகப் பல கம்பெனிகளில் கேட்பவர். புதுமையான சரக்குக்குப் புரோக்கரே ஏற்றவர்.

4. விண்ணப்பத்தில் உண்மையை முழுவதும் எழுதுங்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, தொழிலுக்காகக் காப்புறுதி எடுப்பவர், கம்பெனியின் முடிவைப் பாதிக்கக்கூடியதென்று தாம் அறிந்ததையெல்லாம் கேளாமலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். முன்பு வந்த புகாரை மறைத்து “மசாலா வியாபாரம்” என்று மட்டும் எழுதிவிட்டுத் தைலமும் விற்றால், பிரீமியம் கட்டியும் பலன் கிட்டாமற் போகலாம்.

5. கையெழுத்திடுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஒரு சம்பவத்துக்கும் முழு ஆண்டுக்கும் வரம்பு எவ்வளவு? முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எத்தனை வெள்ளி? வக்கீல் செலவு அந்த வரம்புக்குள்ளா, வெளியிலா? எந்தெந்த நாட்டில் விற்றால் செல்லும்? பாலிசிக் காலத்தில் தீங்கு நேர்ந்தால் போதுமா, அல்லது கோரிக்கையும் அக்காலத்திலேயே வர வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நம்மவர் கேட்பதேயில்லை. கோரிக்கையும் அக்காலத்திலேயே வர வேண்டும் என்ற பாலிசியை ஓர் ஆண்டு விட்டுவிட்டால், பழைய சரக்கைப் பற்றிய புகாருக்கும் காப்பு அற்றுப்போகக்கூடும்.

கெட்ட சரக்கின் விலையும், அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறும் செலவும் சாதாரணமாக இதில் அடங்கா என்பதையும் அறிக. பிரீமியம் பெரும்பாலும் ஆண்டு விற்பனையையும் சரக்கின் தன்மையையும் ஒட்டியது. ஆதலின் சிறு வியாபாரிக்குச் சிறு விற்பனையே கணக்கு.

வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த காப்புறுதியில் மனம் ஒப்பாதவர்களுக்கும் வழியுண்டு. 1984-ஆம் ஆண்டுத் தகாஃபுல் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் தகாஃபுல் நிறுவனங்கள் ஏற்பட்டன. பங்காளிகள் ஒருவருக்கொருவர் உதவும் நோக்கத்துடன் பொது நிதியில் நன்கொடையாகச் செலுத்தி, இடருற்றவருக்கு அதிலிருந்து கொடுப்பதே அதன் முறை. பொறுப்புக் காப்பு உண்டா என்று அங்கும் விசாரிக்கலாம். மேலே சொன்ன ஐந்து கேள்விகள் அங்கும் பொருந்தும்.

முடிவாக ஒன்று. காப்புறுதி பணத்தைத் தரும். வெந்த தோலை மாற்றித் தராது. கலப்படம் செய்தவருக்கு அது கேடயமுமல்ல. நேர்மையாகச் செய்தும் தவறிவிட்டவர், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும், தம் கடையை மூடாமல் காக்கவுமே அது உதவும். இன்றிரவு கடையடைக்குமுன், அலமாரியிலிருந்து உங்கள் பெயர் ஒட்டிய குப்பி ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதனுள் இருப்பது என்ன, எங்கிருந்து வந்தது, என்று அடைத்தது என்ற மூன்றுக்கும் உடனே ஜவாபு சொல்ல முடிந்தால், புரோக்கரிடம் போகலாம். முடியாவிட்டால், முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவதே.