கார் நின்றது, மோட்டார் நிற்கவில்லை



நான் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். ரோட்டைக் கடப்பது எப்படி என்று அங்கே யாரும் சொல்லித் தந்ததில்லை. செம்மண் பாதையில் லோரி வந்தால் முதலில் தூசி தெரியும், பிறகு சத்தம் கேட்கும், அதற்கப்புறம்தான் லோரி வரும். அதே பழக்கத்தோடு மலாக்கா டவுனுக்கு வந்தேன்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயசு. ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்துக்கு அம்மாவோடு போய்விட்டுத் திரும்பினேன். பெரிய ரோட்டில் வண்டிகள் நெரிசலில் நின்றன. ஒரு கார்க்காரர் கையைக் காட்டி, "போ தம்பி" என்றார். அம்மா கையை விட்டுட்டு ஓடினேன். அந்தக் காரை ஒட்டி ஒரு மோட்டார் வந்தது. அதன் கைப்பிடி சட்டையில் மாட்டி, உருண்டு விழுந்தேன். முழங்கால் சிராய்ப்போடு போச்சு. அம்மா திட்டவே இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

கை காட்டியவர் நல்லவர்தான். ஆனால் அவரால் அவருடைய காரை மட்டும்தான் நிறுத்த முடியும். நம் நாட்டில் நின்ற கார்களின் நடுவே மோட்டார்கள் நுழைந்து வரும். அதனால் முதல் காரைத் தாண்டியதும் நில்லுங்கள், தலையை நீட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்த அடி. வெள்ளைக்கோட்டிலும் இப்படித்தான்.

இனி கொஞ்சம் கணக்கு. இருவழி ரோடு சுமார் 7 மீட்டர். சாதாரண நடையில் கடக்க 6 வினாடி ஆகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் வினாடிக்கு 25 மீட்டர் ஓடும். நாம் கடப்பதற்குள் 150 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரைப் பந்துத் திடல்! ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் "தூரத்துலதானே வருது" என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து. பாட்டியோடு போனால் இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

பழைய நகரத்தில் வேறு தொல்லை. கடை முன்னால் உள்ள ஐந்தடி நடப்பதற்கென்றே கட்டியது. அங்கே பூந்தொட்டி, மோட்டார், மேசை! வேறு வழியின்றி ரோட்டில் இறங்குகிறோம். இறங்கும் முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். ஜோங்கர் வாரக்கடைசி இரவுச் சந்தையில் வண்டி வராது. ஆனால் சந்தை முடியும் முனையில், கையில் செண்டோலோடு அப்படியே வண்டி ரோட்டில் கால் வைக்கிறார்கள். நானே வச்சிருக்கேன்.

நடைபாதை இல்லாத தோட்டத்து ரோட்டில் வலப்பக்கமாக நடங்கள். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால், எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். மாசி மகத்தில் செங் சன்னாசிமலைக்கு இரதத்தோடு போகும்போது கூட்டமே நமக்குக் காவல். நள்ளிரவில் இரண்டு பேராகத் திரும்பும்போது அது இருக்காது. அப்போது வெளிர்நிறச் சட்டை போடுங்கள், கையில் டார்ச்லைட் வைத்திருங்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. வீட்டிலிருந்து பள்ளிக்கோ கோவிலுக்கோ போகும் வழியை வரைந்து, எங்கெங்கே ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று குறித்து வாருங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் நடக்கச் சொல்லி, கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். வீட்டு முற்றத்தில் 7 மீட்டர் அளந்து எண்ணினால் போதும், ரோட்டில் வேண்டாம்.