உடலின் அசைவும் இருதயத் துடிப்பும்

சுருள்வில் எடைக் கருவியின்மீது ஒருவர் அசையாது நின்றாலும் அதன் முள் ஓய்ந்து நிற்பதில்லை. நாடித் துடிப்பிற்கேற்ப மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். இதனை 1877-ஆம் ஆண்டில் கார்டன் என்பவர் எடுத்துரைத்தார்.

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. அவ்வாறே, இருதயம் துடிப்புக்கு ஏறத்தாழ 70 கன சென்டிமீட்டர் இரத்தத்தைத் தலைப்பக்கமாகச் செலுத்தும்பொழுது, உடல் கால்பக்கமாகச் சிறிது தள்ளப்படுகிறது. 1939-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஐசக் ஸ்டார் என்னும் மருத்துவர், தொங்கவிடப்பட்ட மேசையில் மனிதரைப் படுக்கவைத்து இவ்வசைவைப் பதிவு செய்தார்.

நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இருதயத்தில், ஒரு துடிப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.8 விநாடி செல்லும். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நோயில் இவ்விடைவெளி 0.5, 0.9, 0.7 என முறையின்றி மாறும். இடைவெளி குறுகின் இருதயம் நிரம்பப் போதிய நேரமில்லை; ஆதலின் அடுத்த துடிப்பின் வலிமையும் குறையும். காலம், வலிமை ஆகிய இரண்டும் ஒருங்கே மாறுவதை அசைவுப் பதிவில் காணலாம்.

இந்நோயுடையோர் பலர் எவ்விதத் துன்பமும் உணர்வதில்லை. எனினும், மேலறையில் தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். இதனால் பக்கவாதம் நேரும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. நோயை முன்னரே அறிந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை முறைப்படி அளித்தால், அவ்வபாயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் குறைக்கலாம்.

அசைவை அளக்கும் நுண்கருவிகள் இன்று கைபேசிகளிலேயே அமைந்துள்ளன. பின்லாந்தின் துர்க்கு நகர ஆராய்ச்சியாளர்கள், படுத்திருந்த 300 நோயாளிகளின் மார்பின்மீது கைபேசியை வைத்துச் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். இவர்களுள் 150 பேருக்கு இந்நோய் இருந்தது. நோயுடையோரில் நூற்றுக்கு 95 பேரும், ஏனையோரில் நூற்றுக்கு 96 பேரும் சரியாகப் பிரித்தறியப்பட்டனர்.

எனினும் இம்முறைக்கு வரம்புகள் உண்டு. பேச்சு, இருமல், வண்டியின் குலுக்கம் ஆகியவை பதிவைக் கெடுக்கும். இடையிடையே தோன்றும் மிகைத் துடிப்பும் ஐயத்தை விளைவிக்கும். சிறுவர்களின் நாடி மூச்சை உள்ளிழுக்கையில் விரைந்து, வெளிவிடுகையில் தளர்வது இயல்பேயாகும். ஆசிரியர்கள் அதனை நோயெனக் கருதலாகாது. இருதய மின்வரைபடத்தால் உறுதி செய்த பின்னரே மருத்துவர் சிகிச்சை தொடங்குவர்.

கருவி இல்லாத இடத்திலும் களப்பணியாளர் வாளாவிருக்க வேண்டியதில்லை. முதியோரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் நாடியைக் கவனித்தல் வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் எண்ணிக்கை கிடைக்கலாம். ஆனால் ஒழுங்கின்மை கண்ணுக்குத் தப்பிவிடும். நாடி முறையின்றி அமைந்திருப்பின், அவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும்.