இல்லத்திற் செவ்வொளிச் சிகிச்சை

மருந்தும் அளவு மிகின் கேடாம். ஒளிக்கும் அவ்விதி பொருந்தும். 1967இல் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் எந்திரே மெஸ்டர், மயிர் மழித்த சுண்டெலிகள்மீது மென்மையான சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்தினார். ஒளிபட்ட இடத்தில் மயிர் விரைந்து வளரக் கண்டார். அவ்வாராய்ச்சியின் வழிவந்த செவ்வொளி விளக்குகள், முகச்சுருக்கம் தணிப்பான் வேண்டி இன்று இல்லங்களிலும் புகுந்துள்ளன. அவற்றை நாம் பயன்படுத்துமாறு எங்ஙனம்?

அலைநீளம் 630 முதல் 660 நானோமீட்டர் வரை உள்ளதா என முதலில் நோக்குவோம். தூய தோலுக்கு நேரே, கைநூலிற் குறித்த தொலைவில் விளக்கை வைப்போம். தொலைவு கூடின் ஒளி குன்றும். குறித்த நிமிடங்களை மீறோம். மீறின் பயன் பெருகாது, குறையவுங்கூடும். கண்ணுக்குக் காப்பணிவோம். தோலில் ஒளிக்கூச்சம் விளைக்கும் மருந்துண்போர் முன்னரே மருத்துவரை வினவுக. பல வாரம் தவறாது பயில்வார்க்கே பயன் கிட்டும்.

ஆயினும், ஆறாத புண்ணையும் நிறம் மாறும் மச்சத்தையும் விளக்கின்முன் காட்டிக் காலங்கழித்தல் உயிர்க்கே ஊறாம். அவற்றை மருத்துவரிடமே காட்டுவோமாக.